ஃபென்வே பார்க்கில் முதல் பேஸ்பால் ஆட்டம், முதல் இசை நிகழ்ச்சி: புதிதாகப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பாஸ்டன் நகரின் ஃபென்வே பார்க்கில் ரெட் சாக்ஸ் அணி ஒவ்வொரு பருவத்திலும் ஏறக்குறைய 81 ஆட்டங்களை ஆடுகிறது. அணி வெளியூர் போயிருக்கும் கோடை நாட்களில் அதே புல்தரையின் மீது மேடை கட்டி இசை நிகழ்ச்சிகள் நடத்துகிறார்கள். பாஸ்டனின் மேற்குப் புறநகரான ஃபிரேமிங்ஹாம் பக்கம் குடிவந்த முதல் இரண்டு கோடைகளில் நான் இரண்டுக்கும் போனேன். ஆட்டத்துக்குப் போய்க் கற்றுக்கொண்டதை அப்படியே இசை நிகழ்ச்சிக்கும் பொருத்திப் பார்த்ததால் பணமும் போயிற்று, பார்க்க விரும்பியதையும் சரியாகப் பார்க்க முடியவில்லை. அரங்கம் ஒன்றுதான் என்றாலும், டிக்கெட் வாங்கும் நேரம், உட்காரும் இடம், மழை பெய்தால் நடப்பது ஆகிய மூன்றிலும் ஆட்டமும் இசை நிகழ்ச்சியும் ஏறக்குறைய நேர் எதிரானவை. அந்த வேறுபாட்டை முன்பே அறிந்தவர் வீணாகச் செலவழிக்க வேண்டியதில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

1. எந்த அரங்கம் என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள்

பேஸ்பாலுக்கு இந்தக் குழப்பம் இல்லை; இசை நிகழ்ச்சிக்கு உண்டு. ஃபென்வே பார்க்கை ஒட்டியே ‘எம்ஜிஎம் மியூசிக் ஹால் அட் ஃபென்வே’ என்ற உள்ளரங்கம் 2022 முதல் இயங்குகிறது; அதில் ஏறக்குறைய 5,000 பேர் அமரலாம். லான்ஸ்டவுன் தெருவில் ‘ஹவுஸ் ஆஃப் புளூஸ்’ என்று இன்னொரு அரங்கமும் இருக்கிறது. நண்பர்கள் ‘ஃபென்வேயில் கச்சேரி’ என்று சொன்னால் அது மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். திறந்தவெளியா உள்ளரங்கமா என்பதைப் பொறுத்து உடை, மழை, இருக்கை எல்லாம் மாறும் ஆதலால், பணம் செலுத்தும் பக்கத்தில் அரங்கத்தின் பெயரை முழுமையாகப் படியுங்கள். இந்தக் கட்டுரை பேஸ்பால் மைதானத்தைப் பற்றியது மட்டுமே.

2. டிக்கெட்டை எப்போது, எங்கே, எவ்வளவுக்கு வாங்குவது

பேஸ்பாலுக்கு அவசரப்படாதீர்கள். ஓர் அணி ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. பாதி சொந்த ஊரில். ஏப்ரல், மே மாதங்களின் வேலைநாள் மாலை ஆட்டங்களுக்கும் பள்ளி திறந்த பிறகு வரும் செப்டம்பர் ஆட்டங்களுக்கும் இருக்கைகள் மிஞ்சும். விலையைத் தேவைக்கேற்ப ஏற்றி இறக்குவதால், ஒரே இருக்கை ஒரு செவ்வாய்க்கிழமை 25 டாலருக்கும், நியூயார்க் யாங்கீஸ் அணி வரும் ஜூலை சனிக்கிழமை 100 டாலருக்கு மேலும் போவதை நான் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு எதிரணி யார் என்பது முக்கியமில்லை என்றால் யாங்கீஸ் வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். முதல் அனுபவத்துக்கு ஒரு சாதாரண வேலைநாள் ஆட்டமே போதும்.

ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பிருந்து மறுவிற்பனை விலை பெரும்பாலும் இறங்கும், ஏனெனில் பருவம் முழுவதற்கும் டிக்கெட் வைத்திருப்பவர்கள் போக முடியாத நாட்களின் டிக்கெட்டை விற்றுவிடப் பார்ப்பார்கள். அணியின் தளத்தில் வாங்கலாம். அல்லது பேஸ்பால் லீக்கின் அதிகாரப்பூர்வ மறுவிற்பனைத் தளமான சீட்கீக்கில் வாங்கலாம். கல்லூரியிலோ உயர்நிலைப் பள்ளியிலோ படிப்பவர்களுக்கு 9 டாலர் மாணவர் டிக்கெட் திட்டம் ஒன்றை அணி பல ஆண்டுகளாக நடத்திவருகிறது. எல்லா ஆட்டங்களுக்கும் அது கிடைக்காது. மாணவர் என்பதை முன்கூட்டியே பதிவுசெய்து வைத்திருந்தால்தான் பயன்படும்.

இசை நிகழ்ச்சி அப்படியல்ல. ஒரு கலைஞர் வருவது ஓரிரு இரவுகள்தான். அறிவிப்பு பெரும்பாலும் குளிர்காலத்திலேயே வந்துவிடும். அதன்பின் முன்விற்பனை, சில நாட்கள் கழித்துப் பொது விற்பனை என்று வரிசையாக நடக்கும். முன்விற்பனையில் சேர, கலைஞரின் தளத்திலோ டிக்கெட் தளத்திலோ பதிவுசெய்து ஒரு குறியீட்டெண் பெற வேண்டும். அந்தப் பதிவுக்கும் கடைசித் தேதி உண்டு. விற்பனை தொடங்கும் நேரத்துக்குக் கால் மணி முன்பே உள்நுழைந்து, அட்டை விவரத்தைச் சேமித்து வைத்துவிட்டுக் காத்திருங்கள். ஒரே கணக்கைக் கைபேசியிலும் கணினியிலும் சேர்த்துத் திறந்தால் வரிசையில் உள்ள இடம் போய்விடக்கூடும்.

இங்கே புதிதாக வந்தவர்களுக்கு மட்டுமே உரிய ஒரு கண்ணி இருக்கிறது. இருக்கையைத் தேர்ந்தெடுத்த பின் பணம் செலுத்தச் சில நிமிடங்கள்தான் தருகிறார்கள். இந்தியாவில் வாங்கிய கடன் அட்டையைப் பயன்படுத்தினால் ஒருமுறைக் கடவுச்சொல் கேட்கப்படலாம்; அது இந்திய எண்ணுக்குப் போகும். அந்த சிம் அட்டை அலமாரியில் கிடக்கும். கடவுச்சொல் வருவதற்குள் இருக்கை கைவிட்டுப் போகும். எனக்கு இப்படித்தான் நல்ல இரண்டு இருக்கைகள் போயின. அமெரிக்க வங்கி அட்டை ஒன்றையும், அதனுடன் பதிவான முகவரியின் அஞ்சல் குறியீட்டையும் முன்பே கணக்கில் ஏற்றி வையுங்கள். உங்கள் அமெரிக்கக் கைபேசி எண்ணையும் அப்போதே சரிபார்த்து விடுங்கள்.

கட்டணங்களைப் பற்றி ஒரு சொல். 2025 மே 12 முதல் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சி விதியின்படி, நேரடி நிகழ்ச்சிகளின் டிக்கெட்டை விற்பவர்கள் கட்டாயக் கட்டணங்கள் அனைத்தையும் சேர்த்த மொத்த விலையைத் தொடக்கத்திலேயே காட்ட வேண்டும். கடைசிப் பக்கத்தில் விலை திடீரென்று பெருகினால் அந்தத் தளத்தை விட்டு விலகுவதே நல்லது.

3. இருக்கையைத் தேர்ந்தெடுத்தல்

எல்லாவற்றையும் விட இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். ஃபென்வே 1912இல் திறக்கப்பட்ட மைதானம். அமெரிக்காவின் உயர்மட்ட பேஸ்பால் லீக்கான மேஜர் லீக்கில் இன்றும் பயன்பாட்டில் உள்ளவற்றுள் மிகப் பழையது. அதன் அழகும் அதன் தொல்லைகளும் அந்தப் பழமையிலிருந்தே வருகின்றன.

முதலில் பேஸ்பால். மட்டையாளர் நிற்கும் இடமான ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் இருக்கும் பகுதிகள் மிக நல்லவை, மிக விலை கூடியவை. கூரையின் கீழ் உள்ள கிராண்ட்ஸ்டாண்ட் பகுதிகள் 1 முதல் 33 வரை எண்ணிடப்பட்டவை. வெயிலுக்கும் சிறு மழைக்கும் அவை பாதுகாப்பானவை. ஆனால் கூரையைத் தாங்கும் இரும்புத் தூண்கள் இருக்கைகளுக்கு நடுவே நிற்கின்றன. தூண் மறைக்கும் இருக்கை என்பதை டிக்கெட் பக்கத்தில் ‘பார்வை தடைபடும்’ என்ற பொருளில் சிறிய எழுத்தில் குறிப்பிட்டிருப்பார்கள். நான் அந்த வரியைப் படிக்காமல் விலை மலிவு என்று வாங்கி, பந்து எறிபவரைத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். அந்த வரி இருந்தால் வாங்காதீர்கள். அரங்கின் ஒவ்வொரு இருக்கையிலிருந்தும் எடுத்த படங்களைத் தொகுத்துள்ள தளங்கள் உள்ளன, பகுதி எண்ணையும் வரிசை எண்ணையும் இட்டு அவற்றில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஹோம் பிளேட்டிலிருந்து பார்த்தால் வலப்பக்க மூலையில் உள்ள 1 முதல் 10 வரையிலான கிராண்ட்ஸ்டாண்ட் பகுதிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. அங்குள்ள இருக்கைகள் ஹோம் பிளேட்டை நோக்கித் திரும்பியிருக்கவில்லை, மைதானத்தின் நடுப்பகுதியைப் பார்த்தபடி இருக்கின்றன. மூன்று மணி நேரம் கழுத்தை இடப்பக்கம் திருப்பியே ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். பழைய மர இருக்கைகள் குறுகலானவை, முழங்காலுக்கு இடம் குறைவு. ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரை அழைத்துப் போனால் இந்தப் பகுதிகளைத் தவிர்த்து, படியேற்றம் குறைவான இருக்கையாகப் பாருங்கள். நடக்கச் சிரமப்படுபவர்களுக்கென ஒதுக்கிய இருக்கைகளும் விற்பனைக்கு உண்டு.

பிளீச்சர்ஸ் எனப்படும் திறந்தவெளிப் பகுதிகள் 34 முதல் 43 வரை. விலை குறைவு, ஆரவாரம் அதிகம், இளைஞர்களுக்கு ஏற்றவை. ஆனால் பகல் ஆட்டத்தில் நிழலே கிடையாது. மாலை ஆட்டத்தில் முதல் ஒரு மணி நேரம் வெயில் கண்ணில் அடிக்கும். ஹோம் பிளேட்டிலிருந்து பார்த்தால் இடப்பக்கமான மூன்றாம் பேஸ் பக்கம் உட்கார்ந்தால் மாலைச் சூரியன் முதுகுப் பக்கம் போய்விடும். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு நான் அதையே சொல்வேன். இடப்பக்கத்தில் 37 அடி உயரம் நிற்கும் ‘கிரீன் மான்ஸ்டர்’ சுவரின் உச்சியிலும் இருக்கைகள் உள்ளன. அவை மிகச் சில. முதல் முறைக்கு அவ்வளவு செலவு தேவையில்லை என்பது என் கருத்து. சுவரை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்ப்பதுதான் அழகு.

இசை நிகழ்ச்சிக்கு இந்தக் கணக்கு முழுவதும் தலைகீழாகிறது. மேடையை மைதானத்தின் மறுகோடியில், பிளீச்சர்ஸுக்கு முன்னால் கட்டுகிறார்கள். ஆகவே பேஸ்பாலில் மிகச் சிறந்ததாகிய ஹோம் பிளேட்டின் பின்பகுதி, இசை நிகழ்ச்சியில் மேடைக்கு மிகத் தொலைவான பகுதியாகிவிடுகிறது. ஹோம் பிளேட்டிலிருந்து நடுக்கோடிச் சுவர் ஏறக்குறைய 390 அடி. கலைஞர் விரல் அளவுதான் தெரிவார், பெரிய திரையைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ‘நான் ஆட்டம் பார்த்த அந்த அருமையான இடம்’ என்று நினைத்து அதிக விலை கொடுத்து அங்கே வாங்கியதுதான் நான் செய்த பெரிய தவறு. பேஸ்பாலில் கழுத்தை வலிக்கச் செய்யும் வலப்பக்கக் கிராண்ட்ஸ்டாண்ட் இருக்கைகளோ, மேடை இருக்கும் திசையை நேராகப் பார்க்கின்றன. மேடைக்கும் அருகில் வருகின்றன. 5 முதல் 12 வரையிலான பகுதிகளில், தூண் மறைக்காத இருக்கை கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம்.

புல்தரையின் மீது போடும் நாற்காலிகள் கவர்ச்சியானவை. ஆனால் தரை சமதளம். முன்வரிசையில் இருப்பவர்கள் எழுந்தால் எல்லோரும் எழுவார்கள், நிகழ்ச்சி முடியும்வரை உட்கார மாட்டார்கள். உயரம் குறைந்தவர்கள், சிறுவர்கள், முதியவர்கள் ஆகியோருக்கு முதல் பத்து வரிசைகளைத் தவிர மற்றவை வீண். அதே பணத்துக்குச் சரிவான பகுதியில் ஓர் இருக்கை வாங்கினால் மேடை தெளிவாகத் தெரியும். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் மேடையின் அமைப்பு கொஞ்சம் மாறுவதால், பேஸ்பால் வரைபடத்தை நம்பாமல் அந்த நிகழ்ச்சிக்கென வெளியிட்ட வரைபடத்தையே பாருங்கள். மேடையின் பக்கவாட்டில், பின்வாட்டில் என்று குறிப்பிட்ட இருக்கைகளில் திரையும் தெரியாமல் போகலாம்.

4. கைபேசி, அடையாளச் சான்று

காகித டிக்கெட் இப்போது ஏறக்குறைய இல்லை. பேஸ்பாலுக்கு லீக்கின் ‘பால்பார்க்’ செயலி. இசை நிகழ்ச்சிக்கு நீங்கள் வாங்கிய தளத்தின் செயலி. வாங்கும்போது கொடுத்த மின்னஞ்சலிலேயே செயலியிலும் உள்நுழைய வேண்டும், இல்லையெனில் டிக்கெட் தெரியாது. பல செயலிகளில் டிக்கெட்டின் பார்கோடு சில நொடிகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால் வாயிலில் செல்லாது. வீட்டிலேயே டிக்கெட்டைக் கைபேசியின் வாலட்டில் சேர்த்துவிடுங்கள், ஏனெனில் முப்பதாயிரம் பேர் ஒரே நேரத்தில் கூடும் தெருவில் இணையம் நகராது.

வாட்ஸ்ஆப் குழுக்களில் ‘போக முடியவில்லை, இரண்டு டிக்கெட் இருக்கிறது’ என்று செய்தி வரும். தெரிந்தவர் ஆனாலும் செயலி வழியாக உங்கள் கணக்குக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். மாறி வந்த பிறகு பணம் அனுப்புங்கள். படமாகவோ கோப்பாகவோ அனுப்புகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். குடும்பமாகப் போனால் எல்லா டிக்கெட்டும் ஒரே கைபேசியில் இருக்கலாம், ஆனால் எல்லோரும் ஒன்றாகவே உள்ளே போக வேண்டும். யாரேனும் அலுவலகத்திலிருந்து நேராக வருவதாயின் அவர் டிக்கெட்டை முந்தின நாளே அவருக்கு மாற்றிவிடுங்கள்.

நுழைவதற்குப் பொதுவாக அடையாளச் சான்று கேட்பதில்லை. மது வாங்க 21 வயது நிறைந்திருக்க வேண்டும், அதற்குச் சான்று காட்ட வேண்டும். நரை விழுந்தவர்களையும் கேட்கிறார்கள். இந்திய ஓட்டுநர் உரிமத்தையோ ஆதார் அட்டையையோ நம்பிப் போகாதீர்கள். மாசசூசெட்ஸ் உரிமம் இல்லாதவர்கள் கடவுச்சீட்டின் மூலப் பிரதியைக் கொண்டுபோவதே பாதுகாப்பானது. அதை நெரிசலில் தொலைத்தால் வரும் துன்பத்தை எண்ணி, தேவையில்லாதவர்கள் வீட்டிலேயே விட்டுவிடுவது நல்லது.

5. பையும் உடையும்

முதுகுப்பை வேண்டாம். வாயிலில் திருப்பி அனுப்பப்படுகிறவர்களில் பெரும்பாலோர் அலுவலகத்திலிருந்து மடிக்கணினிப் பையோடு நேராக வந்தவர்கள். அனுமதிக்கும் பையின் அளவை அங்குலக் கணக்கில் அரங்கத்தின் தளத்தில் வெளியிடுகிறார்கள். அது மாறக்கூடியது, ஆட்டத்துக்கும் இசை நிகழ்ச்சிக்கும் வேறுபடவும் கூடும் என்பதால் முந்தின மாலை பார்த்துவிடுங்கள். லென்ஸ் கழற்றும் கேமராவை ஆட்டத்துக்குக் கொண்டுபோனேன் என்பதற்காக இசை நிகழ்ச்சிக்கும் கொண்டுபோகாதீர்கள். அங்கே அவற்றைப் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை.

ஏப்ரல் மாத இரவு ஆட்டங்களில் குளிர் 5 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும். நண்பகலில் வெயில் அடித்ததே என்று மெல்லிய சட்டையோடு போனால் ஐந்தாவது இன்னிங்ஸுக்குள் எழுந்துவிடத் தோன்றும் (ஒரு பேஸ்பால் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்; ஒவ்வொன்றிலும் முதல் பாதியில் வெளியூர் அணியும் மறுபாதியில் சொந்த அணியும் மட்டை பிடிக்கும்). தடித்த மேலாடை, காதை மூடும் தொப்பி, சிறுவர்களுக்குக் கையுறை கட்டாயம். இசை நிகழ்ச்சிக்குக் காதடைப்பான் எடுத்துச் செல்லுங்கள். குழந்தைகளுக்கு ஒலி தடுக்கும் காதுமூடி இன்றியமையாதது.

6. போய்ச் சேர்தல்

மைதானத்தைச் சுற்றியுள்ள வாகன நிறுத்துமிடங்களில் 50 டாலருக்குக் குறைவாக நான் கண்டதில்லை. வெளியே வர ஒரு மணி நேரம் ஆகும். ரயிலில் போங்கள்.

சுரங்க ரயிலில் போகிறவர்கள் பச்சைத் தடத்தில் கென்மோர் நிலையத்தில் இறங்க வேண்டும். பி, சி, டி கிளைகள் மூன்றும் அங்கே போகும். ஈ கிளை போகாது. ‘ஃபென்வே’ என்ற பெயரிலேயே டி கிளையில் ஒரு நிலையம் இருப்பதால் பலர் அங்கே இறங்குகிறார்கள், ஆனால் கென்மோரே அருகில் உள்ளது. ஒருவழிக் கட்டணம் 2.40 டாலர், 2024 ஆகஸ்ட் முதல் வங்கி அட்டையையோ கைபேசியையோ வாயிலில் நேரடியாகத் தொட்டுச் செலுத்தலாம். குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனி அட்டை அல்லது தனிக் கைபேசி வைத்துக்கொள்வது எளிது. விமான நிலையத்திலிருந்து வருகிறவர்கள் வெள்ளித் தடத்தின் எஸ்எல்1 பேருந்தில் கட்டணமின்றி சவுத் ஸ்டேஷன் வந்து, சிவப்புத் தடத்தில் பார்க் ஸ்ட்ரீட் போய்ப் பச்சைத் தடத்துக்கு மாறலாம்.

ஃபிரேமிங்ஹாம், ஆஷ்லேண்ட், வெஸ்ட்பரோ போன்ற மேற்குப் புறநகர்களில் வசிப்பவர்களுக்கு (நம்மவர்கள் பலர் அங்கேதான் இருக்கிறோம்) வூஸ்டர் தடப் புறநகர் ரயில் மிக வசதியானது. அது லான்ஸ்டவுன் நிலையத்தில் நிற்கும். அங்கிருந்து மைதானம் சில நிமிட நடை. வார இறுதியில் 10 டாலர் சீட்டு ஒன்றை வாங்கினால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் எத்தனை முறை வேண்டுமானாலும் பயணம் செய்யலாம். கட்டணம் செலுத்தும் பெரியவருடன் வரும் 11 வயது வரையிலான பிள்ளைகள் இருவருக்குக் கட்டணமில்லை.

ஏப்ரல் மாதத்தின் மூன்றாம் திங்கட்கிழமையான பேட்ரியட்ஸ் டே அன்று மட்டும் ஆட்டம் காலை 11 மணி அளவில் தொடங்கும். அதே நாளில் பாஸ்டன் மாரத்தான் கென்மோர் சதுக்கத்தின் வழியாக ஓடுகிறது. சாலைகள் அடைக்கப்படும், நிலையங்களின் பயன்பாடும் மாறும். விடுமுறை நாள் என்று அதை முதல் ஆட்டமாகத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

ஆட்ட நாளில் ஜெர்சி தெருவின் ஒரு பகுதியை அடைத்து அரங்கத்தோடு சேர்த்துவிடுவார்கள். டிக்கெட்டைக் காட்டித்தான் அந்தத் தெருவிலேயே நுழைய முடியும். வெளியே சந்திப்போம் என்று நண்பரிடம் சொல்வதானால் கென்மோர் நிலைய வாயிலைச் சொல்லுங்கள். தொடங்கும் நேரத்துக்கு ஒரு மணி முன்பு அங்கே இருந்தால் பதற்றமில்லை. இசை நிகழ்ச்சிக்கு டிக்கெட்டில் உள்ள நேரத்தில் முதலில் வருவது துணைக் கலைஞர்கள்தான், முதன்மைக் கலைஞர் அதற்கு ஒரு மணிக்கும் மேலாகக் கழித்தே மேடையேறுவார். இருந்தும் தாமதமாகப் போகாதீர்கள், வரிசை நீளம்.

7. மழை

பேஸ்பாலில் மழை வந்தால் ஆட்டத்தை நிறுத்தித் தரையை மூடிவிட்டுக் காத்திருப்பார்கள். ஆட்டம் தொடங்காமலே தள்ளிவைக்கப்பட்டால் உங்கள் டிக்கெட் மறுதேதிக்குச் செல்லும். பணம் திரும்பி வருவது அரிது. ஐந்து இன்னிங்ஸ் முடிந்துவிட்டாலோ, சொந்த அணி முன்னிலையில் இருக்க நாலரை இன்னிங்ஸ் முடிந்துவிட்டாலோ அது முழு ஆட்டமாகக் கணக்கிடப்படும். அதன்பின் மழையால் முடிந்தாலும் எதுவும் திரும்பக் கிடைக்காது. ஊருக்குத் திரும்பவிருக்கும் பெற்றோருக்காக வாங்குகிறீர்கள் என்றால், அவர்கள் விமானம் ஏறும் வாரத்தில் வாங்காதீர்கள். மறுதேதி அவர்கள் போன பின் வரக்கூடும்.

இசை நிகழ்ச்சி பெரும்பாலும் மழையிலும் நடக்கும். மின்னல் இருந்தால் மட்டுமே நிறுத்துவார்கள். குடை விரித்தால் பின்னால் இருப்பவருக்கு மறைக்கும், ஆதலால் தலைவழி அணியும் மழை அங்கிதான் பயன்படும். வெளியே பத்து டாலர் சொல்வார்கள், வீட்டிலிருந்து இரண்டு டாலர் அங்கியைக் கொண்டுபோங்கள்.

8. உள்ளே நடந்துகொள்ளும் முறை, திரும்பும் வழி

ஒரு மட்டையாளர் ஆடிக்கொண்டிருக்கும்போது படிகளில் ஏறி இறங்கக் கூடாது. அவர் முடித்ததும் போகலாம். கிரிக்கெட்டைப் போலன்றி, கூட்டத்துக்குள் வரும் பந்து பிடித்தவருக்கே சொந்தம். பாதுகாப்பு வலை இல்லாத முன்வரிசைகளில் உட்கார்ந்தால் பந்து எறியப்படும்போதெல்லாம் கண்ணைக் கைபேசியிலிருந்து எடுத்துவிடுங்கள், மடியில் குழந்தை இருந்தால் அங்கே உட்காரவே வேண்டாம். சைவ உணவு உண்பவர்களுக்கு வேர்க்கடலை, சோளப்பொரி, பிரெட்சல், சீஸ் பீட்சா, உருளைக்கிழங்கு வறுவல் கிடைக்கும். நான்கு பேர் சாப்பிட 60 டாலர் ஆகலாம், ஆகவே வீட்டில் உண்டுவிட்டுப் போவது நலம். வங்கி அட்டை கையில் இருக்கட்டும்.

எட்டாவது இன்னிங்ஸின் நடுவில் அரங்கம் முழுவதும் எழுந்து ‘ஸ்வீட் கரோலைன்’ பாடும். கூட்ட நெரிசலுக்கு அஞ்சி ஏழாவதிலேயே கிளம்பிவிடும் புதியவர்கள் இதை இழக்கிறார்கள். தயவுசெய்து அதுவரை இருங்கள். அன்றைய செலவு முழுவதும் அந்தச் சில நிமிடங்களுக்கே தகும்.

2023இல் பந்து எறியும் நேரத்துக்குக் கடிகாரம் வைத்த பின் ஆட்டம் சராசரியாக 2 மணி 40 நிமிடத்தில் முடிகிறது. ஏழு மணி ஆட்டம் பத்துக்குள் முடிந்துவிடும். சமநிலையில் நின்றால் கூடுதல் இன்னிங்ஸ் போகும். இசை நிகழ்ச்சி அதைவிடத் தாமதமாகவே முடியும். வூஸ்டர் தடத்தில் இரவில் ரயில்களின் இடைவெளி ஒரு மணியைத் தொடும். ஆகவே கடைசி ரயில், அதற்கு முந்தைய ரயில் ஆகிய இரண்டின் நேரத்தையும் குறித்துக்கொண்டு, முந்தையதைப் பிடிக்கும் கணக்கில் எழுந்திருங்கள். அதுவும் தவறிவிட்டால் கென்மோரில் டி கிளை ரயிலேறி ரிவர்சைடு முனையம் வரை போய், அங்கிருந்து வாடகைக் கார் எடுங்கள். மைதான வாசலில் கேட்கும் கட்டணத்தில் ஒரு பங்குதான் ஆகும்.